மேலக்கரை, பதினாறு ஏக்கர்

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகியதும் பெட்டி ஒருமுறை உறுமியது. அடுத்த கணம் கூடத்து மின்விசிறி நின்றது, கருகின வாடை வந்தது. சுவிட்சுப் பலகையிலிருந்து கிளம்பிய மெல்லிய புகை, சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தைத் தாண்டிப் போயிற்று. பெட்டியோடு வந்த குருபிரசாத் ஐம்பது வயதுக்காரர், பாதி ஆயுளை இழவு வீடுகளில் கழித்தவர். பதறாமல் பிளக்கைப் பிடுங்கினார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

மெயின் விழுந்திருந்தது. குருபிரசாத் வாசலுக்குப் போய் அதைத் தூக்கிவிட்டார். கூடத்துக் கம்பி கருகிப்போனதால் கூடத்துக்கு மின்சாரம் திரும்பவில்லை. உள்ளறைக்கு மட்டும் வந்தது, கரண்ட் போனால் கத்துகிற யு.பி.எஸ்ஸின் கீச் கீச்சும் நின்றது. உள்ளறைக்கென்று மீட்டரிலிருந்து தனியாக ஒரு கம்பியைப் பாக்கியசீலன் தன் கையாலேயே இழுத்திருந்தார். பெட்டியின் நீண்ட வயரை அங்கே கொண்டுபோய்ச் செருகினார்கள். மெயின் மறுபடி விழுந்தது. இன்னொரு முறை பார்த்தார்கள். அதே கதைதான்.

"இந்த வயரு ரொம்ப ஒல்லி," என்றார் குருபிரசாத். "ஒண்ணு பெட்டி ஓடும், இல்லேன்னா உள்ள ஓடுதது ஓடும். ரெண்டும் சேந்து ஓடாது."

கத்திரி வெயில் நாள். பாளையங்கோட்டையில் காலை பத்து மணிக்கே சுவர் சுட ஆரம்பித்திருந்தது. கூடத்துக் கட்டிலில், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, பாக்கியசீலன் படுத்திருந்தார். ஒரே மகள் ஜெமிமா மெல்போர்னிலிருந்து கிளம்பிவிட்டாள். நாளை மதியம் தூத்துக்குடியில் இறங்குவாள். அதுவரை அப்பாவை வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தது, எதிர் வீட்டிலிருந்து வயர் இழுக்கலாமென்றால் நடுவில் பஸ் போகிற ரோடு. ஜெனரேட்டர் சாயங்காலம்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

"உள்ள என்ன, அண்ணனோட கம்ப்யூட்டருதானே. புடுங்கிருவோம்," என்று ஜெய்சன் நடந்தார். இறந்தவரின் தம்பி அவர். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தள்ளிப்போடாதவர்.

கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்த பாக்கியசீலனின் மனைவி இன்பமணி எழுந்தாள். "தம்பி, அதைத் தொடாதிய."

காலையிலிருந்து அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஜெய்சன் திரும்பிப் பார்த்தார்.

"அவிய இன்னும் அங்கன நிக்காவ," என்றாள்.

எதிர் வீட்டு ராஜராஜேஸ்வரி அக்கா அவசரமாக வந்து இன்பமணியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவரப் போனார்கள். முப்பத்துநாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், எத்தனையோ சாவைப் பார்த்தவள், சொந்தச் சாவில் நிதானம் தப்பிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்பமணிக்கு நிதானம் தப்பவில்லை. அவள் சொன்னது அப்படியே உண்மை.

பாக்கியசீலன் பொதுப்பணித்துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். தாமிரபரணியின் கால்வாய்களுக்கு மட்டம் பார்த்து வரைபடம் போடுவதே அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற புதிதில் பொழுது போகாமல், வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்பமணி குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் தட்டி, தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்பார். அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் ஓர் உலகம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

அந்த உலகத்தில் நிலம் உண்டு, மரம் உண்டு, மனிதர்கள் தங்களுக்கென்று ஓர் உருவம் செய்துகொண்டு நடமாடலாம். இதுபோன்ற மற்ற உலகங்களில் நிலமெல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கணினிகளில் இருக்குமாம். இதில் அப்படியில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு நிலத்தைத் தன் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, அதைப் பொதுவான வரைபடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். அவர் ஒரு கணினிப் பெட்டி வாங்கி உள்ளறை மேஜைக்கடியில் வைத்தார். பக்கத்துக்கு இருநூற்றைம்பத்தாறு மீட்டர் உள்ள சதுரம். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பதினாறு ஏக்கரும் கொஞ்சம் சென்டும் வருகிறது என்று மனைவியிடம் வந்து சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டு மேஜைக்கடியில் பதினாறு ஏக்கர் இருந்தது. அதற்கு மேலக்கரை என்று பெயர் வைத்தார்.

பெட்டி ஓடினால்தான் நிலம். யார் எங்கே நிற்கிறார்கள், எந்த இலை எப்போது விழ வேண்டும், கால் எந்த மேட்டில் ஏற வேண்டும் என்று ஒவ்வொரு வினாடிக்குள்ளும் பெட்டி பலமுறை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் நிலம் இருட்டாவதோ பூட்டிக்கொள்வதோ இல்லை, நிலமே இருக்காது. அதில் நிற்பவர்கள் வெளியே தூக்கி எறியப்படுவார்கள். அதனால் ஆறு வருஷமாக அந்தப் பெட்டி நிற்கவேயில்லை. அதன் விசிறி இரவும் பகலும் ஊங்கென்று இரைந்துகொண்டே இருந்தது. இந்தச் சத்தத்தில் மனுஷி தூங்க முடியுமா என்று இன்பமணி சண்டை போட்டாள். பழகிவிடும் என்றார் அவர். அவள் விடவில்லை என்றதும் பெட்டியைச் சுற்றித் தலையணை வைத்தார். பெட்டி சூடேறிப்போக, தலையணையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொள்ளும்படி அவளிடமே கொடுத்துவிட்டார்.

வீட்டுக் கம்பிகளை மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லி மூன்று வருஷமாயிற்று. இரண்டு நாள் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்றான். இரண்டு நாள் நிலத்தை மூடுவதா என்று பாக்கியசீலன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கம்பிதான் இன்றைக்குக் கருகிவிட்டது. இன்பமணிக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. திட்டுவதற்கு அவர் இல்லை என்பது உடனே நினைவுக்கு வந்தபோதுதான் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேலக்கரையில் அவர் ஆற்றங்கரை ஒன்றைக் கட்டினார். மருத மரங்கள் வைத்தார், கல் படித்துறை வைத்தார். தண்ணீர்தான் அவரை வதைத்தது. அந்த உலகத்தில் ஒரு நிலம் முழுவதற்கும் தண்ணீர் ஒரே மட்டம்தான். ஆற்றைச் சரிக்க வழியில்லை. சரிவில்லாத ஆறு எப்படி ஓடும்? சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு இதைப் பற்றியே பேசுவார். கடைசியில் மருத இலைகளை உதிரவிட்டு, அவை தண்ணீர்மேல் கிழக்கு நோக்கிப் பைய நகரும்படி செய்தார். இலை நகர்வதைப் பார்க்கிற கண் ஆறு ஓடுவதாக நம்பிவிடும் என்றார். இன்பமணி காப்பி டம்ளரோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஓடத்தான் செய்கிறது என்று சொன்னாள். அன்று முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

காலையில் அங்கே நடக்க வருகிறவர்கள் ஒரு டஜன் பேர் உண்டு. பினாங்கில் பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், டொரோண்டோவில் குளிருக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே வராத யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி, சாத்தூரில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாத கணக்குப்பிள்ளை ஒருவர், இப்படி. விடியுமுன்னே பாக்கியசீலன் மடிக்கணினி முன் உட்கார்ந்து, தன் உருவத்தை மருத மரத்தடியில் நிறுத்தி வருகிறவர்களை வரவேற்பார். அந்த உருவத்துக்கு நல்ல கறுப்பு முடி வைத்திருந்தார். கலியாணத்தன்றைக்கே இவ்வளவு முடி கிடையாதே என்று இன்பமணி கேட்டதற்கு, அங்கே முடி சும்மாதான் கிடைக்கிறது என்றார்.

இன்று காலை அவள் காப்பி கொண்டுபோனபோது அவர் தலை மேஜை விளிம்பில் சாய்ந்திருந்தது. கழுத்தைத் தொடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காப்பியைக் கீழே வைத்தாள், தொட்டுப் பார்த்தாள், பின்னே திரையைப் பார்த்தாள். அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கொஞ்ச நேரம் விசையைத் தொடாவிட்டால் உருவம் தானாகத் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். ஆள் எழுந்து எங்கோ போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று அதற்கு அர்த்தம். மருத மரத்தடியில், கறுப்பு முடியும் வெள்ளைச் சட்டையுமாக, பாக்கியசீலன் தலை கவிழ்ந்து நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி காப்பி குடிக்கப் போயிருக்கிறார் என்று அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டியது எல்லாம் இன்பமணிதான். மடிக்கணினியை மட்டும் அவள் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கினால் அவர் அங்கேயும் இல்லாமல் போவார், அதுவும் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல. இதை ஜெய்சனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெய்சன் கடிகாரத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வேர்த்து வழிந்த நடுவயதுக்காரர் ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்ற தயக்கத்தோடு படியருகே நின்றார். ஜெய்சன் போய், யார் என்று கேட்டார்.

"மீரா முகைதீன். மேலப்பாளையம். அண்ணாச்சிக்குப் பக்கத்து எடத்துக்காரன்."

"எந்த எடம் வே?"

"ஆத்தங்கரை எடம். மேலக்கரை பதினாறு ஏக்கர் அண்ணாச்சிது, அதையடுத்து கெழக்க நம்மது."

பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சர்ச் மூப்பர்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஆற்றங்கரையில் பதினாறு ஏக்கர். சம்பளத்தைத் தவிர வேறெதையும் பாக்கியசீலன் கண்டதில்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ஜெய்சனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிராம நிர்வாக அலுவலர் விழித்துக்கொண்டார். எந்த கிராமம், சர்வே எண் என்ன, பட்டா யார் பெயரில் என்று குரலைத் தாழ்த்தி அடுக்கினார். சாவு வீட்டு வாசலுக்கே வந்து எல்லைத் தகராறு பேசுகிறவன் என்று அவர் முடிவு கட்டிவிட்டது முகத்தில் தெரிந்தது. பட்டாவெல்லாம் கிடையாது, பாஸ்வேர்டுதான் என்றார் மீரா முகைதீன்.

அதற்குள் இன்பமணியே வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். சவுதியில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அவருடைய நிலம் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. மேலக்கரைக்குக் கிழக்கே இருந்ததால் கீழக்கரை என்று பெயர் வைத்துவிட்டார். ராமநாதபுரத்துக் கீழக்கரைக்காரர்கள் நம்ம ஊர் என்று நினைத்து வந்து ஏமாந்து போவார்களாம். ஒருமுறை படகுத்துறை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று அவர் தன் பக்கத்துத் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்தி வைத்துவிட்டார். எல்லையில் ஆறு படிக்கட்டுபோல நின்றது. மேல் ஆற்றைவிடக் கீழ் ஆறு உயரம் என்பதைத் தாங்க முடியாமல் பாக்கியசீலன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையை மறித்தால்கூட அவர் அப்படிக் கோபித்ததில்லை. இத்தனைக்கும் இரண்டு பேரும் நேரில் சந்தித்தது ஒரே தரம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் டீ குடித்தார்கள். பேச ஒன்றுமே வாய்க்கவில்லை. சரி, அங்கே பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு பிரிந்துவிட்டார்கள்.

காலையில் அண்ணாச்சி தலை கவிழ்ந்து நிற்பதைப் பார்த்து அவரும் காப்பிதான் என்று நினைத்திருக்கிறார். நேரமாகியும் தலை நிமிராததால் போன் செய்தார். ஜெய்சன்தான் எடுத்து, அண்ணன் போய்விட்டார் என்று ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறார். அங்கே நின்றவர்களுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு மீரா முகைதீன் கிளம்பி வந்தார்.

அவரிடம் இன்பமணி நிலைமையைச் சொன்னாள். ஐஸ் பெட்டி வேண்டும், மகள் வர வேண்டும், அதற்குக் கணினிப் பெட்டி நிற்க வேண்டும். மேஜை மேலிருக்கிற மடிக்கணினியும் மோடமும் ஓடலாம், அவை ஒரு பல்பு அளவுதான் இழுக்கும் என்று குருபிரசாத் நடுவில் சொன்னார். மீரா முகைதீன் படியேறி உள்ளே வந்தார்.

"நெலம் எங்கயும் போவாதுக்கா. ஒழுங்கா நிறுத்துனா அப்படியே பெட்டிக்குள்ள கெடக்கும். கரண்ட்டு வந்தா திரும்பவும் எழுப்பிரலாம்."

"நெலம் வரும். அவிய?"

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். பிறகு, "பெட்டி நிக்கதுக்கு முன்ன அண்ணாச்சிய எங்க பக்கம் கூட்டிட்டு வந்திரலாம்," என்றார். "எங்க பெட்டி மேலப்பாளையத்துல ஓடிக்கிட்டுத்தான இருக்கு. எல்லையத் தாண்டிட்டா அங்கன நிக்கலாம்."

இன்பமணி ஜெய்சனிடம் திரும்பி ஒரு பத்து நிமிஷம் கேட்டாள். ஆஸ்பத்திரியில் அவளிடம் எத்தனையோ பேர் அதே பத்து நிமிஷத்தைக் கேட்டிருக்கிறார்கள். குழாய்களை எடுக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் கேட்பார்கள். அவள் சரியென்று சொல்லி, வேறு யாரும் உள்ளே வராதபடி வாசலில் நின்றுகொள்வாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜெய்சனுக்குப் பாதிதான் புரிந்தது. பதினாறு ஏக்கரும் அந்த மேஜைக்கடியில் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிற்று. மதினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளறை வாசலில் போய் நின்றுகொண்டு, கூடத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு பத்து நிமிசம் எல்லாரும் பொறுங்க. அண்ணன் எடத்துல ஒரு சோலி கெடக்கு."

இன்பமணி கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் வைத்த காப்பி ஆடை படிந்து அங்கேயே இருந்தது. திரையில் மருத மரத்தடி தெரிந்தது. செய்தி கேட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த பன்னிரண்டு பேர் மட்டுமில்லை, முப்பது நாற்பது பேர் இருக்கும். படித்துறையிலும் கரையிலும் நெருக்கி நின்றார்கள். நடுவில் அவர் மட்டும் தலை கவிழ்ந்து நின்றார். மேஜைக்கடியில் விசிறி எப்போதையும்விட அதிகமாக இரைந்தது. மருத இலை ஒன்று கிளையிலிருந்து கிளம்பி, தண்ணீருக்கு வந்து சேர வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

"என்ன இவ்வளவு பைய விழுது?" என்று கேட்டாள்.

"ஆளு கூடிட்டா பெட்டிக்கு மூச்சு வாங்கும்க்கா. கணக்குப் போட்டு முடிக்க முடியாம அங்கன நேரமே பைய நடக்கும்."

அது நல்லதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. மீரா முகைதீன் மேல்நோக்கிய அம்புக்குறியைக் காட்டி, அதை அழுத்தச் சொன்னார். அவள் ஒரு விரலால் தொட்டாள்.

பாக்கியசீலன் தலையை நிமிர்த்தினார்.

இன்பமணியின் கை துள்ளி விலகியது. அப்படி நிமிரும் என்று அவளுக்குத் தெரியும், ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். திரையின் ஓரத்தில் வரிகள் ஓடின. அண்ணாச்சி என்று பினாங்குக்காரர் எழுதினார். யாரது என்று இன்னொருவர். டொரோண்டோ அம்மா வெறும் புள்ளிகளை மட்டும் போட்டாள்.

"என்ன எழுத?" என்றார் மீரா முகைதீன்.

"நான் அவிய வீட்டுக்காரின்னு எழுதுங்க. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்னு எழுதுங்க."

அவர் எழுதினார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் அசைந்தது. ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து, கிழக்கே போகிற கரைப் பாதையில் வழிவிட்டு நின்றார்கள்.

அவள் விசையை அழுத்திக்கொண்டே இருந்தாள். அவர் நடந்தார். வயலில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிற ஆள் மாதிரி காலை மெல்ல எடுத்து வைத்தார். அந்தப் பாதை அவளுக்குத் தெரியும், தோளுக்குப் பின்னாலிருந்தே மனப்பாடமாகியிருந்தது. இருந்தும் மூன்றாவது மரத்தில் அவரைக் கொண்டுபோய் முட்ட வைத்துவிட்டாள். மரத்தின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அவர் நடந்த இடத்திலேயே நடந்தார்.

"இடது பக்கம் திருப்புங்க மதினி," என்றார் ஜெய்சன் வாசலிலிருந்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தா, அந்தக் கல்லுப் படிய ஒட்டி."

படித்துறையைத் தாண்டினார். தண்ணீரில் இலைகள் அவரோடு கூடவே கிழக்கே நகர்ந்தன. இவருடைய குப்பையெல்லாம் எங்கள் பக்கம்தான் வந்து அடையும் என்று மீரா முகைதீன் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். எல்லையில் வேலியோ கல்லோ இல்லை. மணலின் நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. இங்கேதான் என்று அவர் விரலை வைத்துக் காட்டினார்.

பாக்கியசீலன் அந்த இடத்தில் காலை வைத்ததும் உருவம் திடுமென நின்றது. கால்கள் காற்றில் அசைந்தன, உடம்பு நகரவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"கைய எடுத்திராதிய," என்றார் மீரா முகைதீன். "இந்தப் பெட்டி அந்தப் பெட்டிகிட்ட ஆளை ஒப்படைக்கு. கூட்டமா இருக்கதுனால நேரமாவுது."

அவள் எடுக்கவில்லை. நோயாளியை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு மாற்றும்போது இப்படி ஒரு கணம் வரும். இரண்டு கட்டிலிலும் இல்லாமல் ஆள் கைகளில் மட்டும் இருப்பார். அந்தக் கணத்தில் பேசவோ பார்வையைத் திருப்பவோ கூடாது என்று புதிதாக வரும் நர்ஸுகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். விரல் வலித்தது. ஜெய்சன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பாக்கியசீலன் கீழக்கரை மணலில் இறங்கி இரண்டடி நடந்து நின்றார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார்கள். சிலர் அங்கேயே மறைந்து தத்தம் ஊர்களுக்குப் போனார்கள். மேலக்கரையில் யாரும் இல்லை என்று உறுதியான பிறகு, செய்யலாமா என்று மீரா முகைதீன் கேட்டார். இன்பமணி தலையசைத்தாள். அவர் மேஜைக்கடியில் இருந்த பெட்டிக்கு, நிலத்தைப் பத்திரப்படுத்தி நிறுத்திக்கொள்ளும்படி கட்டளை கொடுத்தார். விசிறியின் இரைச்சல் படிப்படியாக இறங்கி ஓய்ந்தது. அந்த அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு நாய் குரைப்பது கேட்டது.

"எதிர்ப்பக்கம் திருப்ப முடியுமா?" என்றாள்.

அவர் திருப்பிக் கொடுத்தார். மேற்கே மருத மரங்கள் இல்லை, படித்துறை இல்லை. பதினாறு ஏக்கரும் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மட்டமாக. எல்லை தாண்டி வந்துவிட்ட சில இலைகள் கீழக்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. பாக்கியசீலன் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார்.

"கைய எடுத்துட்டா கொஞ்ச நேரத்துல தலையக் கவுத்திக்கிடுவாவ," என்றார் மீரா முகைதீன்.

"தெரியும்," என்று அவள் விரலை எடுத்தாள். கவிழ்வதைப் பார்க்க உட்காராமல் எழுந்து, ஆறிப்போன காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

குருபிரசாத் ஐஸ் பெட்டியின் வயரைச் செருகினார். மெயின் விழவில்லை. பெட்டி உறுமி, பிறகு சீரான ஒரு சத்தத்தில் நிலைத்தது. ஜெய்சன் தலைமாட்டிலும் மீரா முகைதீன் கால்மாட்டிலும் பிடிக்க, அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். இன்பமணி தாடைத் துணியைச் சரிசெய்தாள், தலையில் மிச்சமிருந்த நாலு முடியைக் கையால் ஒதுக்கிவிட்டாள். கண்ணாடி மூடியைப் போட்டார்கள். மூப்பர்களில் ஒருவர் ஜெபம் செய்தார். முக்காலி ஆகாது என்று ராஜராஜேஸ்வரி அக்கா இன்பமணிக்கு ஒரு நாற்காலியைப் பெட்டியின் அருகே போட்டாள்.

பெட்டியின் பக்கவாட்டில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஊங்கென்று விடாமல் ஒரு இரைச்சல். இன்பமணி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"சத்தம் காதுக்குள்ள கேக்குதுல்லா," என்று ராஜராஜேஸ்வரி அக்கா குனிந்து கேட்டாள். "விடியுததுல இருந்து ஒக்காந்திருக்க. நாக்காலிய அந்தச் செவரு பக்கம் தள்ளிப் போடட்டா? செத்த நேரம் கண்ணசரலாம்."

"வேண்டாம்க்கா," என்றாள் இன்பமணி. "இந்தச் சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

ராஜராஜேஸ்வரி அக்கா நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, இன்பமணி காலடியில் வைத்திருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.